ஓசை அடங்கிய சக்கரம்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் பெயர்களைக் கொண்டு எழுதலாம். போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளைக் கொண்டும் எழுதலாம். அந்நாட்டுச் சாலைகளில் உருண்ட சக்கரங்களின் ஓசையைக் கொண்டும் எழுத முடியும் என்பது என் எண்ணம். இவ்வெண்ணம் எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குச் செல்லும் சாலையில், பழைய மோட்டார் கார் ஒன்றுக்குப் புதிய டயர்கள் தேடி அலைந்த நாட்களில் தோன்றியது.

அந்தக் கார் என் மாமனாருடையது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் பணிபுரிந்த அவர், 1966-ஆம் ஆண்டில் இரண்டு கதவுகளையுடைய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' வண்டியை வாங்கினார். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த 'டிரையம்ப் ஹெரால்டு' என்னும் காரைச் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் இங்கேயே உருவாக்கி வந்தனர். அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்னும் இத்தாலியக் கலைஞர். முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். குறுகிய தெருவிலும் எளிதில் திரும்பும். சோழவரத்து விமான ஓடுபாதையில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியதுண்டு. அம்பாசடரும் பியட்டும் குடும்பத் தலைவர்களைப் போல் நடமாடிய காலத்தில், ஹெரால்டு கல்லூரி மாணவனைப் போல் துள்ளி ஓடிய வண்டி.

மாமனார் மறைந்தபின் அந்த வண்டி எங்கள் வீட்டிற்கு வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானும் என் மனைவியும் அதில் ஏறித் திருவில்லிபுத்தூர் சென்று வருவோம். ஏறத்தாழ 12 கிலோமீட்டர். வீட்டில் எத்தனையோ அலுவல்கள். மனம் விட்டுப் பேசுவதற்கு எங்களுக்குக் கிடைத்தது அந்தச் சாலைப் பயணந்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் செவித்திறன் குறையத் தொடங்கியது. வண்டியின் டயர்களோ முதுமையடைந்து வண்டுக் கூட்டம் போல இரைந்தன. "என்ன சொன்னீர்கள்? காதில் விழவில்லையே!" என்று இரண்டு முறை கேட்பார், மூன்றாம் முறை கேளாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஓசை குறைந்த டயர் வேண்டும் என்று நான் தேடத் தொடங்கியது அதனால்தான்.

ஆசிரியத் தொழிலில் ஊறியவனாதலால், வாங்குவதற்குமுன் படிக்கத் தலைப்பட்டேன். படித்ததை முதலில் சொல்லுகிறேன். பிழைத்ததைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

என் சிறுவயதில், 1960-களின் பிற்பகுதியில், திருவில்லிபுத்தூரின் விடியற்காலை பார வண்டிகளின் ஓசையோடுதான் தொடங்கும். அந்த வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம். குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி மரத்தாலான வட்டை. வட்டைக்கு மேல் இரும்புப் பட்டை. கொல்லர் அந்தப் பட்டையை நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையின்மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். இரும்பு குளிர்ந்து சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். வெப்பத்தால் விரிதல், குளிர்ச்சியால் சுருங்குதல் என்று வகுப்பில் நான் பின்னாளில் கற்பித்த பாடத்தை அன்றே தெருவில் கண்டேன். அந்தச் சக்கரம் உறுதியானது. ஆனால் கல்லின்மேல் ஏறினால் கல்லும் வருந்தும், ஏறியிருப்பவனும் வருந்துவான். இரும்புக்கு இசைந்து கொடுக்கத் தெரியாது. இசைந்து கொடுக்காத பொருள் எங்கும் ஓசை எழுப்பும்.

இக்குறையைப் போக்க எண்ணியவர்களுள் முதல்வர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845-ஆம் ஆண்டில், தம் 23-ஆம் வயதில், காற்றடைத்த சக்கரத்துக்கு அவர் காப்புரிமம் பெற்றார். ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை நிரப்பி, அதன்மேல் தோலுறை இட்டுச் சக்கரத்தில் பொருத்தினார். தம் கண்டுபிடிப்பின் நோக்கங்கள் மூன்று என அவர் குறித்திருக்கிறார். வண்டியை இழுக்கும் சுமையைக் குறைத்தல் ஒன்று; பயணத்தை இலகுவாக்குதல் மற்றொன்று; ஓடும்போது எழும் ஓசையைத் தணித்தல் மூன்றாவது. காற்றடைத்த டயர் பிறந்தபோதே ஓசையடக்கமும் அதன் பிறவிக் கடமைகளுள் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது! 1847-இல் இலண்டன் மாநகரத்து ரீஜண்ட் பூங்காவில் அத்தகைய சக்கரங்கள் பூட்டிய குதிரை வண்டி ஓடிக் காட்டப்பட்டது. ஒரு தொகுதிச் சக்கரங்கள் ஏறத்தாழ 1200 மைல் வரை உழைத்தன என்பர்.

அவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு ஏன் நிலைக்கவில்லை? ரப்பர் விலை மிகுந்த பொருளாக இருந்தது. மோட்டார் காரும் இல்லை, இன்றுள்ளது போன்ற சைக்கிளும் இல்லை. குதிரை வண்டிக்கு அத்துணைச் செலவு செய்வார் எவர்? தாம்சனே பின்னர்க் காற்றை விடுத்துக் கெட்டி ரப்பர்ச் சக்கரத்துக்கு மாறி, 1867-இல் அதற்கும் உரிமம் பெற்றார். அவ்வகைச் சக்கரங்கள் பூண்ட நீராவி வண்டிகளைக் கிராம்ப்டன் என்னும் ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் நம் நாட்டின் வடபகுதிச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார். ஒரு கண்டுபிடிப்பு அறிவினால் மட்டும் வெல்வதில்லை. அதற்கேற்ற துணைகளும் காலமும் கூடவேண்டும்.

அந்தக் காலம் 1888-இல் கூடியது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறுமகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்குவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரங்களில் கட்டினார். தாம்சனைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. தாம்சனின் பழைய உரிமம் இருந்தமையால் டன்லப்பின் உரிமம் 1890-இல் செல்லாதாயிற்று; ஆயினும் உலகம் ஏற்றுக்கொண்டது டன்லப்பின் பெயரையே. 1895-இல் பாரிஸ் நகரிலிருந்து போர்டோ சென்று திரும்பும் பந்தயத்தில், பிரெஞ்சுச் சகோதரர்களான மிஷலின் இருவரும் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெங்கும் டயர்கள் வெடித்தன; பரிசும் கிட்டவில்லை. ஆனால் மோட்டார் கார் காற்றின்மேல் ஓடக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

ராஜபாளையத்து மாணவர்கள் இதனைக் கூர்ந்து கேட்கவேண்டும். டயர் என்றால் ரப்பர் என்று நினைக்கிறோம். ரப்பர் அதன் தசை, எலும்பு நூல். தொடக்க காலத்து டயர்களுக்குள் இருந்தது பருத்தித் துணி. ஊடும் பாவுமாக நெய்த அத்துணியில், சக்கரம் சுழலச் சுழல இழைகள் ஒன்றையொன்று அறுத்தன. ஆதலின் ஊடிழையை மிகக் குறைத்து, முறுக்கிய கயிற்றிழைகளை ஒரே போக்கில் அடுக்கும் முறை வந்தது. பருத்திக்குப் பின் ரேயான், நைலான், பாலியெஸ்டர், எஃகுக் கம்பி என்று எலும்பு மாறிக்கொண்டே வந்தது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தது 1936-இல். கல்கத்தாவுக்கு வடக்கே ஸாஹாகஞ்சில் இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலையை டன்லப் நிறுவனத்தார் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சென்னையில் 1946-இல் பொம்மைப் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, 1961-இல் டயர் செய்யும் தொழிலில் இறங்கியது. ஹெரால்டு காரும் சென்னை டயரும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள் என்று என் மனைவியிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இழைகளை அடுக்கும் முறையிலும் ஒரு பெரும் புரட்சி நிகழ்ந்தது. பழைய டயர்களில் இழை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து கிடந்தன. இதனைக் குறுக்கிழை டயர் எனலாம். 1946-இல் மிஷலின் நிறுவனத்தார் காப்புரிமம் பெற்ற 'ரேடியல்' முறையில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பிற்கு நேராகச் செல்லும். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் ஓர் இறுகிய கச்சை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் நெகிழ்ந்து கொடுக்க, அடிப்பாகம் நிலத்தோடு பொருந்தி நிற்கும். தேய்வு குறைவு, பிடிப்பு மிகுதி. நம் நாட்டில் ஜே.கே. நிறுவனத்தார் 1977-இல் ரேடியல் டயரைக் கொணர்ந்தனர்.

இனி, டயர் ஏன் இரைகிறது என்று பார்ப்போம். தரையைத் தொடும் பரப்பில் பள்ளங்களும் மேடுகளும் உள்ளன. கடைக்காரர்கள் இவற்றைப் 'பட்டன்' என்பர். ஒவ்வொரு மேடும் சாலையை அறைகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் சிக்கிய காற்று நசுங்கிப் பீறிட்டு வெளிவருகிறது. மேடுகள் எல்லாம் ஒரே அளவினவாயின், அறைகளும் ஒரே இடைவெளியில் விழுந்து, ஒரே சுருதியில் ரீங்காரமாக எழும். அதனால் மேடுகளை வேண்டுமென்றே சமமற்ற நீளங்களில் அமைக்கிறார்கள். ஓசை பல சுருதிகளில் சிதறிக் காதை உறுத்தாமற் போகிறது. பாட்டுக்குத் தாளம் அழகு. டயருக்குத் தாளந் தவறுவதே அழகு!

பழைய டயர் மிகுதியாக இரைவதற்கு இரண்டு காரணங்கள். வெயிலாலும் காற்றாலும் ரப்பர் இறுகிப்போகிறது. மேடுகள் ஒருபக்கமாகத் தேய்ந்து இரம்பத்தின் பற்கள் போலாகின்றன. ஆயினும் இரைச்சல் எல்லாம் டயரினுடையது என்று முடிவு கட்டிவிடலாகாது. தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு மாறும்போது ஓசையும் மாறினால் பெரும்பாலும் குற்றம் டயரில். எச்சாலையிலும் மாறாமலிருந்து, வளைவில் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால் சக்கரத்தின் பேரிங்கை ஆராயவேண்டும்.

இத்தனையும் படித்தவன் பிழை செய்வானா? செய்தேன்.

ஒரு கடைக்குச் சென்று, "ஓசை எழுப்பாத டயர் எது?" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவே. முன்சக்கரங்களில்தான் இரைச்சல் மிகுதியாகக் கேட்டது. ஓய்வூதியக்காரனின் சிக்கனமும் கூடிக்கொண்டது. ஆகவே முன்புறத்துக்கு மட்டும் இரண்டு புதிய ரேடியல் டயர்களை வாங்கிப் பூட்டினேன். பின்புறத்தில் பல ஆண்டுகளாகக் கிடந்த குறுக்கிழை டயர்கள் அப்படியே இருந்தன. அவற்றின் பட்டன் தேயவில்லை என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி. கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வண்டி பட்டுத்துணி இழுத்தாற்போல் ஓடியது. என் மனைவி வழியெல்லாம் பேசினார், நானும் பேசினேன்.

மூன்றாம் வாரம் ஐப்பசி மழை. திருவில்லிபுத்தூரிலிருந்து திரும்புகையில், மடவார்வளாகத்தைக் கடந்து சிறிது தொலைவு வந்தபின், ஒரு வளைவில் சைக்கிளில் வந்த பள்ளி மாணவன் எதிர்ப்பட்டான். பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரங்கள் நிலத்தைப் பற்றின, பின்சக்கரங்கள் பற்றவில்லை. வண்டியின் பின்பாகம் தானே முன்னால் வர விரும்பியது போலச் சுழன்று, சாலையின் குறுக்கே நின்றது. மாணவனுக்கும் வண்டிக்கும் இடையே மூன்று முழம் இருந்திருக்கும். அவன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான். நான் இறங்கிச் சென்று அவன் தோளைத் தொட்டபோது, நடுங்கியது அவன் தோளன்று, என் கை.

முப்பதாண்டுகளுக்கு மேல் மாணவர்களின் நலனே என் பொறுப்பு என்று வாழ்ந்தவன் நான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள், ராஜபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சார், ஓடுவதைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள், நிற்பதைப் பார்த்து வாங்கவில்லை" என்றார். பின்னர் எனக்குப் பாடம் நடத்தினார். முன்னே பிடிப்பு மிக்க ரேடியலும் பின்னே குறுக்கிழையும் பூட்டுதல் எந்தக் காருக்கும் ஆகாது. ஹெரால்டுக்கோ அது மேலும் தீது. அதன் பின்னச்சு நடுவில் கீல் கொண்டு ஊசலாடுவது. பிரேக் போடும்போது பின்பாகம் எழும்பினால் சக்கரங்கள் உட்புறம் மடங்கிப் பிடிப்பை இழக்கும். பின்டயர்களின் பக்கச்சுவரை அவர் விரலால் அழுத்திக் காட்டினார். பொட்டல் நிலம் போல் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. தேயாத டயர் எல்லாம் இளமையான டயர் அன்று.

அதனைக் கேட்டவுடன் என் நினைவு திருவில்லிபுத்தூர்த் தேர்மேல் சென்றது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் அந்தப் பெருந்தேர் என் இளமையில் மரச்சக்கரங்களில் ஓடியது. கிரீச்சிட்டுப் புறப்படும், சிறிது ஓடும், நின்றுவிடும். நிலைக்கு வந்துசேரப் பல நாட்கள் ஆனதுண்டு. திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் இருந்தவை சறுக்குக்கட்டையும் முட்டுக்கட்டையுமே. அசையும் சக்கரத்தின் அடியில் கட்டையைப் போடுகிறவரின் கண்ணும் கையும் ஒருகணம் தவறினால் உயிருக்கு இறுதி. ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டையொட்டி அத்தேருக்கு இரும்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. பல நாள் ஓட்டம் சில மணி நேரத்தில் முடியலாயிற்று. ஆனால் அப்போது செய்தவர்கள் சக்கரத்தோடு நின்றுவிடவில்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கையும் உடன் பொருத்தினார்கள். எளிதில் ஓடும் தேர் எளிதில் நிற்கவும் வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேரைக் கண்டு கைகூப்பியவன் நான். அதன் சக்கரம் சொன்ன பாடத்தை மட்டும் கற்கவில்லை.

இரண்டாம் முறை கடைக்குச் சென்றபோது கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டேன். முதற்கேள்வி, ஈரச்சாலையில் நிற்குமா? இரண்டாவது, நான்கும் ஒரே வகையா? மூன்றாவது, வயது என்ன? 2000-ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. முதல் இரண்டும் செய்யப்பட்ட வாரம், பின்னிரண்டும் ஆண்டு. '1224' என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 12-ஆம் வாரம். நான்காவது கேள்விதான் ஓசை. 145/80 ஆர் 13 என்னும் அளவில், அதாவது 145 மில்லிமீட்டர் அகலமும், அவ்வகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு உயரமும், 13 அங்குலச் சக்கரமும் கொண்ட நான்கு ரேடியல் டயர்களை வாங்கினேன். அகலம் மிகுந்தவை பந்தயத் தோற்றம் தரும் என்றார் கடைக்காரர். அகலம் மிகுந்தால் பொதுவாக ஓசையும் மிகும் என்பதால் மறுத்தேன். பழைய சக்கரமாதலின் உள்ளே டியூப் இட்டோம். காற்றழுத்தத்தை மாதந்தோறும் அளக்கிறேன்.

உலகமும் இந்த முடிவுக்கே வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இன் இறுதியில் ஒவ்வொரு புது டயரிலும் ஒரு சீட்டை ஒட்டச் செய்தது. எரிபொருள் சிக்கனம், ஈரத்தில் பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றையும் அதில் சேர்த்தே காட்டினர். நம் மத்திய அரசும் 2022-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, உருளும் தடை, ஈரப்பிடிப்பு, உருளும் ஓசை என மூன்றுக்கும் வரம்பு விதித்தது. ஓசை டெசிபெல் அளவில் குறிக்கப்படும். அதில் 3 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். மூன்றில் ஒன்றை மட்டும் நோக்கி வாங்குபவன், தாம்சன் எழுதி வைத்ததையும் பாதியே படித்தவனாவான்.

இப்போது வண்டி முழு அமைதியாக ஓடுகிறதா என்று கேட்பீர்கள். இல்லை. முதன்முறை வாங்கிய இரண்டு டயர்களும் தந்த அந்த மெல்லமைதி முழுவதும் கிட்டவில்லை; சிறிது முணுமுணுப்பு உண்டு. என் மனைவி செவிக்கருவி அணியத் தொடங்கிவிட்டார். நான் சற்றே உரக்கப் பேசுகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. எங்கள் உரையாடல் தடையின்றி நடக்கிறது. மடவார்வளாகத்துக்கு அப்பாலுள்ள அந்த வளைவு வரும்போது மட்டும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் பலவகை வண்டிகளை ஓட்டுவீர்கள்; சிலர் நாட்டையே ஓட்டுவீர்கள். பழையதை மாற்றிப் புதியதைப் பூட்டும் பொறுப்பு உங்களிடம் வரும். அப்பொழுது, இது எவ்வளவு இனிமையாக ஓடும் என்று கேட்பதற்குமுன், எதிரே ஒரு சிறுவன் வந்தால் இது நிற்குமா என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தபின் ஓசையைப் பற்றி ஆராயலாம்.